அட்டைப்பெட்டியில் வந்த ஆறுமணிக்குருவி

ஐப்பசி பிறக்கும் சமயத்தில் என் கிளினிக்குக்கு அட்டைப்பெட்டிகள் வரத் தொடங்கிவிடும். போன வருடம் முதல் பெட்டியைக் கொண்டுவந்தவர் பக்கத்துத் தெருப் பெரியவர். "டாக்டர், யாரோ வளர்த்த கிளி தப்பிச்சு வந்திருக்கு போல. ஜன்னல் கண்ணாடில மோதி விழுந்துடுச்சு" என்றார். திறந்து பார்த்தேன். பச்சை முதுகு, தோளில் பளிச்சென்று நீலம், கண்ணின் மேல் மை இழுத்ததுபோல் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கட்டை வால். ஆறுமணிக்குருவி.

இது யாரும் வளர்த்ததில்லை. மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தமிழ்நாடு, இலங்கை என்று தெற்கே இறங்குகிற பறவை. இரவில் பறந்து, விடியும்போது களைத்துப்போய்க் கிடைத்த தோட்டத்தில் இறங்கும். கண்ணாடியில் தெரிகிற மரத்தையும் மரம் என்றே நம்பிவிடும்.

மோதி இறந்தவற்றைவிட, பரிதாபப்பட்டுத் தண்ணீர் புகட்டியதால் இறந்த பறவைகளை நினைத்துத்தான் எனக்கு மனசு ஆறுவதில்லை. பறவைக்கு மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடிப்பகுதியை ஒட்டிப் பின்னாலேயே இருக்கிறது. ஃபில்லரில் விடுகிற தண்ணீரோ பாலோ அதற்குள் இறங்கிவிடும். தயவுசெய்து எதுவும் புகட்டாதீர்கள். அட்டைப்பெட்டியில் நாலைந்து துளை போட்டு, அடியில் பழைய துணி விரித்து, பறவையை உள்ளே விட்டு மூடி, சத்தமில்லாத மூலையில் வையுங்கள். அடிக்கடி திறந்து பார்க்க வேண்டாம், போட்டோவும் வேண்டாம். அதிர்ச்சி மட்டும்தான் என்றால் ஓரிரு மணி நேரத்தில் பெரும்பாலும் தெளிந்துவிடும். அப்புறம் புதர் பக்கம் பெட்டியைத் திறந்துவைத்து விலகி நில்லுங்கள். இறக்கை தொங்கினாலோ, ரத்தம் வந்தாலோ, பூனை கவ்வியிருந்தாலோ காத்திருக்கக் கூடாது. கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ உடனே கொண்டுபோக வேண்டும். பூனைப் பல் பட்ட காயம் ஊசி முனையளவு இருந்தாலும் சீழ் பிடித்துக் கொன்றுவிடும். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைத்துக்கொள்வது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பெரியவர் கொண்டுவந்த குருவி சாயங்காலத்துக்குள் தெளிந்தது. அவர் வீட்டு மாமரத்தடியிலேயே விட்டோம். வாராவாரம் சருகைக் கூட்டிக் கொளுத்துவது அவர் வழக்கம். பங்குனி வரைக்கும் அதை விட்டுவையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சருகைப் புரட்டிப் புழுவும் பூச்சியும் தேடித்தான் அது பிழைக்கிறது. ஜன்னலின் வெளிப்பக்கம் இரண்டங்குலத்துக்கு ஒன்றாகப் பொட்டுப் பொட்டாக ஸ்டிக்கர் ஒட்டினார். ராத்திரியில் தோட்டத்து விளக்கையும் அணைத்துவிட்டார்.

அதற்கப்புறம் அவர் கண்ணும் காதும் திறந்துகொண்டன. முருங்கை மரத்தில் ஓயாமல் கத்துகிற பச்சைக் கதிர்க்குருவி, கேபிள் ஒயரில் உட்கார்ந்து வெட்டுக்கிளிக்குக் குறி பார்க்கிற பழுப்புக் கீச்சான் என்று தினமும் ஒரு சேதி வரும். 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு வாசலில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்ததைப் பதிந்தால் போதும். பேத்தியை எழுதச் சொல்லி அவரும் உட்கார்ந்தார்.

அன்று இரவு போன் செய்தார். "நம்ம குருவி கண்ணுலயே படலை டாக்டர். ஆனா சரியா ஆறு மணிக்கு விசிலடிச்சுது. கேட்டது கணக்குல சேருமா?"

சேரும் என்றேன்.