பெருக்குவதற்கு முன் ஒரு கேள்வி

இந்த வாரம் திருத்திய விடைத்தாள்களில் ஒரே தவறு எத்தனை முறை வந்தது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். பையில் 5 சிவப்புப் பந்துகள், 3 நீலப் பந்துகள். ஒன்றை எடுத்து, அதைத் திரும்பப் போடாமல் இன்னொன்றை எடுக்கிறோம். இரண்டும் சிவப்பாக இருக்க நிகழ்தகவு என்ன? ஒரு மாணவன் 5/8 × 4/7 என்று சரியாகத்தான் தொடங்கியிருந்தான். அப்புறம் 4/7-ஐ அடித்துவிட்டு மறுபடி 5/8 போட்டிருந்தான். ஓரத்தில் "சார்பிலா நிகழ்ச்சிகள்" என்று அடிக்கோடிட்ட குறிப்பு வேறு; அதாவது, ஒன்று நடப்பது மற்றதன் வாய்ப்பை மாற்றாத நிகழ்ச்சிகள். கூப்பிட்டுக் கேட்டேன். "முதல் பந்து வேற, ரெண்டாவது பந்து வேறதானே சார்" என்றான்.

பந்துகள் வேறாக இருந்தால் போதாது. ஒரு சிவப்பு கைக்கு வந்தபின் பையில் இருப்பது ஏழு, அதில் சிவப்பு நான்கு. விடை 5/14.

இதைவிட என்னை வாட்டும் குழப்பம், ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளை, அதாவது சேர்ந்து நடக்கவே முடியாதவற்றை, சார்பிலா நிகழ்ச்சிகள் என்று நினைப்பது. 'ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை' என்று இரண்டுக்கும் ஒரே விளக்கம் சொல்லிவிடுகிறோம். ஆசிரியர்களாகிய நம் மீதும் தப்பு இருக்கிறது. ஒரு பகடையை உருட்டுங்கள். இரட்டை எண் விழுந்தது என்று தெரிந்த நொடியே ஒற்றை எண்ணின் வாய்ப்பு பாதியிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கிவிடுகிறது. இதைவிட இறுக்கமான சார்பு ஏது? அதே பகடையில் 'இரட்டை எண்', '4 அல்லது அதற்குக் கீழ்' என்ற இரண்டை எடுங்கள். எதுவும் தெரியாதபோது இரண்டாவதன் வாய்ப்பு 4/6, அதாவது 2/3. இரட்டை விழுந்தது என்று தெரிந்தபின் 2, 4, 6 என்ற மூன்றில் இரண்டு பொருந்தும். மறுபடியும் 2/3. செய்தி வந்தும் வாய்ப்பு அசையவில்லை. சார்பிலா என்றால் இதுதான்.

பரீட்சையில் இந்தத் தவறால் போவது இரண்டு மதிப்பெண்தான்; நீதிமன்றத்தில் அப்படியில்லை. 1999-இல் இங்கிலாந்தில் இரண்டு கைக்குழந்தைகளைப் பறிகொடுத்த ஒரு தாய் மீது கொலை வழக்கு நடந்தது. அந்தத் தாயினுடையது போன்ற ஒரு குடும்பத்தில் குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்க வாய்ப்பு 8,543-இல் ஒன்று என்று வைத்து, நிபுணர் சாட்சி அதை அதே எண்ணால் பெருக்கி, ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்றார். ஒரே வீடு, ஒரே பெற்றோர். முதல் இறப்பு தெரிந்தபின் இரண்டாவதன் வாய்ப்பு அப்படியே இருக்குமா? பிரிட்டனின் அரச புள்ளியியல் கழகம் இந்தக் கணக்கை 2001-இல் பகிரங்கமாகக் கண்டித்தது. தண்டனை ரத்தானது 2003-இல்தான். அதுவரை அந்தத் தாய் சிறையில் இருந்தார்.

ஆகவே பெருக்கல் குறி போடும் முன் நிறுத்துங்கள். முதலாவது நடந்தது தெரிந்தால் இரண்டாவதன் வாய்ப்பு மாறுமா என்று கேளுங்கள். வினாவில் 'திரும்பப் போடாமல்' இருக்கிறதா என்று பாருங்கள். 'எனில்' என்ற சொல் வந்தால் கூறுவெளியை, அதாவது நடக்கக்கூடிய எல்லா விளைவுகளின் பட்டியலை, சுருக்கிப் புதிதாக எழுதுங்கள், சூத்திரம் அப்புறம். தயவுசெய்து திசையைத் தலைகீழாக்காதீர்கள். இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை 8 எனில், முதல் பகடை 3 காட்ட வாய்ப்பு 1/5. முதல் பகடை 3 எனில், கூட்டுத்தொகை 8 வர வாய்ப்பு 1/6. நம்பிக்கை வரவில்லையா? 36 ஜோடிகளையும் ஒரு தாளில் எழுதி, விரல் வைத்து எண்ணிப் பாருங்கள்.