நொதி: என்சைமுக்குத் தமிழில் வந்த சொல்

இராமநாதபுரம் கரையோரப் பனங்காடுகளில் பாளை சீவுகிறவர்கள், கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவித்தான் பதநீருக்குக் கட்டுவார்கள். தடவாவிட்டால் காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்ட் பெருகி, இறக்குவதற்குள் நுரைத்துக் கள்ளாகிவிடும். அந்த நுரைப்புதான் நொதித்தல். 'நொதி' என்ற கலைச்சொல் அந்த வினையிலிருந்து எடுத்தது. தமிழகப் பாடநூல்களில் நொதி, இலங்கைப் பாடநூல்களில் நொதியம், ஆய்வகப் பேச்சில் என்சைம்; மூன்றும் ஒன்றே.

என்சைமும் அப்படிப் பிறந்த சொல்தான். கிரேக்கத்தில் 'என்' என்றால் உள்ளே, 'சைமே' என்றால் மாவைப் புளிக்க வைக்கும் உறை. ஜெர்மானிய உடலியங்கியல் அறிஞர் வில்ஹெல்ம் கியூனே 1877-ல் இப்பெயரை வைத்தார். அதுவரை உயிருள்ள ஈஸ்டுக்கும் வயிற்றில் சுரக்கும் பெப்சினுக்கும் 'ஃபெர்மென்ட்' என்று ஒரே பெயர் வழங்கியது. 1897-ல் எடுவர்ட் புக்னர் ஈஸ்டை மணலோடு அரைத்துப் பிழிந்து, உயிர்ச்செல் இல்லாத அந்தச் சாறே சர்க்கரையைச் சாராயமாக்குவதைக் காட்டினார்.

தமிழில் எழுதும்போது நாமும் இங்கேதான் தடுக்குகிறோம். நொதித்தல், நுண்ணுயிர் வளர்ந்து செய்யும் வேலை. நொதி, அது சுரக்கும் புரதம். திருவாடானைப் பக்கத்து வைக்கோலைச் சர்க்கரையாக்கிப் பார்த்தால் இந்த வேறுபாடு கையில் தட்டுப்படும்.

முதலில் நொதி எடுக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டராக நறுக்கிய வைக்கோல் 800 கிராம், கோதுமைத் தவிடு 200 கிராம், தண்ணீர் ஒன்றரை லிட்டர். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசியலாம், சொட்டக் கூடாது. 121 டிகிரி நீராவியில் 20 நிமிடம் வேகவைத்து, ஆறியபின் டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூசணத்தின் வித்துகளைக் கலந்து, தட்டில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பரப்ப வேண்டும். (மிளகாய் விதைநேர்த்திக்கு வாங்கும் டிரைக்கோடெர்மா விரிடி இதன் உறவுப் பூசணம்.) 28 முதல் 30 டிகிரியில் ஐந்து முதல் ஏழு நாள். முதலில் வெண்ணூல் படரும், பிறகு பச்சை பிடிக்கும்.

கெடுவதும் இங்கேதான். கனமாகக் குவித்தால் பூசணம் தன் சூட்டிலேயே நடுவில் செத்துப்போகும். ஈரம் கூடினால் பாக்டீரியா புகுந்து வழவழத்து நாறும். கரையோரக் கிணற்று உப்புத்தண்ணீரில் பிசைந்தால் பூசணம் படரத் தயங்கும். சீக்கிரம் வளரட்டும் என்று குளுக்கோஸ் சேர்ப்பது பெருந்தவறு: சாப்பாடு கையில் இருக்கும்போது வைக்கோலை உடைக்கும் செல்லுலேஸ் என்ற நொதியைப் பூசணம் சுரக்காது.

பச்சை பிடித்த சக்கையை பி.எச். 4.8 உள்ள சிட்ரேட் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிகட்டினால் கிடைப்பது நொதிச்சாறு.

இனிச் சர்க்கரை. இதற்கு வேறு வைக்கோல் வேண்டும். இரண்டு சதவீதக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, நாரை இறுக்கிக் கட்டியிருந்து கருஞ்சாறாக இறங்கும் லிக்னினை வடித்து, காரம் நீங்கக் கழுவியது. லிக்னின் மூடியிருக்கும்வரை, குளுக்கோஸ் சங்கிலியான செல்லுலோஸை நொதி எளிதில் நெருங்க முடியாது. கஞ்சிப்பாசி என்ற கடற்பாசியில் அகார் எடுத்தபின் மிஞ்சும் சக்கையில் லிக்னின் தொல்லை அவ்வளவாக இல்லை. உப்புப் போக அலசினால் போதும்.

கழுவிய வைக்கோலோடு நொதிச்சாற்றைக் கலந்து 50 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் ரீசி வளராது. அதன் நொதியோ அங்கேதான் மும்முரமாக வேலை செய்யும். ஆகவே இந்தக் கட்டத்தை நொதித்தல் என்று எழுதுவது பிழை. நொதியால் சர்க்கரையாக்கல் என்பதே சரி.

பாதியில் வேலை நின்றுபோனால் பெரும்பாலும் காரணம் செல்லோபயோஸ். இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த இந்தத் துண்டு தேங்கினால் செல்லுலேஸையே முடக்கும். அதை வெட்டும் பீட்டா குளுக்கோசிடேஸ் என்ற நொதி ரீசியிடம் குறைவு; ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கரும்பூசணத்திடம் எடுத்த நொதிச்சாற்றைக் கொஞ்சம் சேர்த்தால் சர்க்கரை மறுபடி ஏறும்.

செல்லுலேஸ் போன்ற நொதிப் பெயர்களின் இறுதியில் வரும் 'ஏஸ்', பிரெஞ்சு வேதியியலர்கள் பாயன், பெர்சோ இருவரும் 1833-ல் முளைவிட்ட பார்லியிலிருந்து பிரித்த 'டயஸ்டேஸ்' என்ற நொதி விட்டுச்சென்ற வால். செல்லுலோஸை 1838-ல் தனிப்பொருளாகக் கண்டவரும் அதே பாயன்தான். செல்லுலேஸ் என்ற ஒரு சொல்லில் அவருடைய இரண்டு வேலைகளும் சேர்ந்திருக்கின்றன.