கால் விட்ட இடத்தில் கை

மட்டக்களப்பில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு, வாவிக் காற்று வரத் தொடங்கும் நேரத்தில், கூடைப்பந்து கோட் ஒன்றின் ஓரமாக நின்று பாருங்கள். பொடியன்கள் வளையத்துக்கு அடியில் பாய்ந்து பாய்ந்து விழுவார்கள். ஐம்பதை நெருங்கும் பழைய மாணவர் ஒருவர் மூலையில், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிற்பார். அங்கிருந்து போட்டால் இரண்டுக்குப் பதிலாக மூன்று புள்ளி. "இந்தாங்க அண்ணே" என்று பந்து வரும். அதிகம் பாயாமல் எறிவார். உள்ளே போகும்.

லூசியானாவிலிருந்து வந்து, புனித மிக்கேல் கல்லூரிப் பொடியன்களுக்கு இந்த விளையாட்டைப் பழக்கி, 1990 ஆகஸ்டில் காணாமற்போன அருட்தந்தை யூஜின் ஹேபர்ட்டின் ஊர் இது. கூடைப்பந்தைப் பற்றி இங்கே எழுதும்போது அவரை நினைக்காமல் இருக்க முடியாது.

அந்த அண்ணன் ஏன் மூலைக்குப் போனார்? வின்ஸ் காட்டரை வைத்துச் சொல்கிறேன். நம் சொந்தக்காரர் பலர் வாழும் ரொறன்ரோவின் ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியில் பெயர் எடுத்த அமெரிக்க வீரர். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 2.18 மீற்றர் உயரமான பிரெஞ்சு வீரரின் தலைக்கு மேலாகப் பாய்ந்து பந்தை வளையத்துக்குள் அறைந்தார். 2000-01 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 27.6 புள்ளிகள். 22 பருவங்கள் ஆடி, 43 வயதில் அட்லாண்டா அணியின் மாற்று வீரராக விடைபெற்றபோது அது 5 ஆகியிருந்தது.

பாய்ச்சலின் உயரம், நிலத்தை விட்டுக் கிளம்பும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 90 சென்ரிமீற்றர் எழும்ப, செக்கனுக்கு 4.2 மீற்றர் வேகம் வேண்டும். அந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் உயரம் 73 சென்ரிமீற்றராக இறங்கிவிடும். போனது முக்கால் சாண்தான். ஆனால் வளையத்துக்கு மேலே போன கை இப்போது அதன் விளிம்பைத் தொடுவதோடு நின்றுவிடும்.

வேகம் ஏன் குறைகிறது? ஓடிவந்து எழும்பும்போது பாதம் நிலத்தில் இருப்பது கால் செக்கன் அளவுதான். அதற்குள் முழு விசையையும் கொடுப்பவை விரைவாகச் சுருங்கும் தசைநார்கள். வயது ஏற ஏற அதிகம் மெலிபவை அவைதான். அவற்றை இயக்கும் நரம்புக் கலங்களும் குறைகின்றன. பாரம் தூக்கும் பலம் இன்னும் இருக்கும். அந்தக் கால் செக்கனுக்குள் அது வந்து சேராது, அவ்வளவுதான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. 100 கிலோ உடலை 90 சென்ரிமீற்றர் உயர்த்த ஏறத்தாழ 880 ஜூல் சக்தி வேண்டும். 600 கிராம் பந்தை 7 மீற்றர் தூரத்திலிருந்து வளையத்துக்கு அனுப்ப, பந்துக்குக் கொடுக்க வேண்டியது இருபது ஜூலுக்குச் சற்று மேல். கையை அசைக்க, சிறிதாக எழும்பச் செலவாவதைச் சேர்த்தாலும் எவ்வளவு வித்தியாசம்! அதோடு, தூரத்திலிருந்து பத்தில் நான்கு போட்டாலே 12 புள்ளிகள். உள்ளே நின்று அதே 12ஐ எடுக்க ஆறு போட வேண்டும்.

சரி, எறிவது சுலபமா? இல்லை. வளையத்தின் விட்டம் 45 சென்ரிமீற்றர், பந்துடையது 24. பந்து 30 பாகையில் தாழ்வாக வந்தால் அதற்குத் தெரியும் வாசல் 23 சென்ரிமீற்றர்தான். விளிம்பில் படாமல் நுழையாது. 45 பாகையில் இறங்கினால் வாசல் 32 ஆகிறது. அதனால்தான் உயர வளைத்து எறியச் சொல்கிறார்கள். அந்த வளைவையும் மணிக்கட்டின் சுண்டலையும் ஆயிரமாயிரம் தடவை எறிந்துதான் சிறுமூளை படிக்கிறது. சைக்கிள் ஓட்டப் பழகியவருக்கு அது மறக்காதல்லவா? இதுவும் அப்படித்தான், பாய்ச்சலைப் போலச் சீக்கிரம் போய்விடாது.

2014 இல், டலஸ் அணியில் மாற்று வீரராக இருந்த 37 வயது காட்டர், சன் அன்ரோனியோவுக்கு எதிரான தொடரில் மூலையிலிருந்து கடைசிக் கணத்தில் மூன்று புள்ளி போட்டு ஆட்டத்தை வென்று கொடுத்தார். கொரோனாவால் போட்டிகள் நிறுத்தப்பட்ட 2020 மார்ச் 11 இரவு அவர் கடைசியாக எறிந்ததும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்துதான். அதுவும் உள்ளே போனது.