ஒன்பதே காலுக்குச் செத்தார் என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார்

இந்த மாதம் படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் வந்த மூன்றாவது துப்பறியும் நாவல் இது. மூன்றிலும் ஒரே டாக்டர். பிணத்தின் மணிக்கட்டைத் தொடுகிறார், தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், "சரியாக ஒன்பதே கால், இன்ஸ்பெக்டர்" என்கிறார். பிணவறையில் முப்பது வருடம் குப்பை கொட்டிய எனக்கு அந்த டாக்டரை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட ஆசை.

நாங்கள் சொல்வது ஓர் உத்தேச இடைவெளி மட்டுமே. "பரிசோதனைக்கு 12 முதல் 24 மணி நேரத்துக்கு முன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அதற்கே குறுக்கு விசாரணையில் நாக்கு வறண்டுவிடும்.

"உடல் சில்லிட்டிருந்தது" என்று எழுதுகிறீர்கள். கதை நடப்பது அக்னி நட்சத்திரத்தில், வேலூரில், ஃபேன்கூட ஓடாத அறையில். அறையின் வெப்பமே 38 டிகிரி இருக்கும். உயிருள்ள உடம்புக்கே 37தான். சூடு எங்கே இறங்கும்? சரி, விறைப்பைப் பார்க்கலாம் என்றால், அது இமையிலும் தாடையிலும் தொடங்கிக் கழுத்து, கை, கால் என்று இறங்கும். நம் வெயிலில் சீக்கிரம் வந்து சீக்கிரம் விலகும். ஓடிக் களைத்துச் செத்தவனுக்கு இன்னும் சீக்கிரம். இரைப்பையில் கிடக்கும் இட்லியும் கடிகாரம் அல்ல; பயந்தவன் வயிற்றில் செரிமானம் நின்றேகூடப் போகும்.

கதைதானே என்று விட்டுவிடலாம். ஆனால் மகனைப் பறிகொடுத்த ஓர் அப்பா பிணவறை வாசலில் என்னிடம், "டிவியில உடனே சொல்றாங்களே, நீங்க எதையோ மறைக்கிறீங்க" என்றார். என்ன பதில் சொல்ல?

அப்புறம் மற்றவை. குளோரோபார்ம் கைக்குட்டையை மூக்கில் வைத்த நொடியில் யாரும் சாய மாட்டார்கள். நிமிடக் கணக்கில் மூச்சிழுக்க வேண்டும். சூரியன் மறைந்தபின் போஸ்ட்மார்ட்டம் செய்ய 2021-ல் அனுமதி வந்தது உண்மை. ஆனால் கொலை, தற்கொலை வழக்குகளுக்குப் பொதுவாக அது கிடையாது, எனவே நள்ளிரவுக் காட்சியை விடிந்தபின் வையுங்கள். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடக்கும் கொலைக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-வது பிரிவைப் போடாதீர்கள், இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 103-வது பிரிவு. கடைசி அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் முன்னால் கண்ணீரோடு தரும் வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது. அதை வைத்துக் கிணற்றிலிருந்து எடுத்த கத்திதான் நிற்கும்.

உடம்பு துல்லியமாகச் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு, அதை யாருமே எழுதுவதில்லை. இறந்தபின் ரத்தம் கீழ்ப்பக்கம் தேங்கித் தோல் கருஞ்சிவப்பாகும். முதல் சில மணி நேரம் கட்டைவிரலால் அழுத்தினால் அந்த இடம் வெளுக்கும்; பிறகு நிறம் அப்படியே நிலைத்துவிடும். மல்லாந்து கிடக்கும் பிணத்தின் மார்பில் அந்த நிறம் இருந்தால், யாரோ பல மணி நேரம் கழித்து வந்து புரட்டிப் போட்டிருக்கிறார்கள். ஒரு முழு நாவலுக்கு இது போதாதா?

தயவுசெய்து எழுதும் முன் ஒரு போன் போடுங்கள். எந்த அரசு மருத்துவக் கல்லூரியிலும் தடயவியல் துறையில் பேசுவதற்கு ஆள் உண்டு. எங்களிடம் கதை கேட்க வருபவர்கள் குறைவு.

நேற்று அந்த மூன்றாவது நாவல்காரத் தம்பியே கூப்பிட்டார். "சார், ஒன்பதே காலை எடுத்துட்டா வில்லன் தப்பிக்க வழியே இல்லையே?" ஏசியை 16-ல் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்றேன். உடம்பு சீக்கிரம் குளிர்ந்து, செத்து ரொம்ப நேரம் ஆனதுபோல் காட்டும். விறைப்போ தாமதமாகும். இரண்டும் ஒத்துவராததை உங்கள் டாக்டர் கவனிக்கட்டும்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "நடுவுல கரண்ட் போயிட்டா, சார்?"