இரண்டு சென்டிமீட்டர் வழியாக ஒரு தைராய்டு அறுவை

1986 ஏப்ரல் 26-இல் செர்னோபில் அணுஉலை வெடித்தபோது காற்றில் கலந்தவற்றுள் கதிர்வீச்சுள்ள அயோடினான அயோடின்-131-ம் ஒன்று. எட்டு நாளுக்கொருமுறை பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் புல்லில் படிந்து, மாட்டுப் பாலில் இறங்கி, பிள்ளைகளின் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பிக்குள் போய்ச்சேர அந்த நாட்களே போதுமாக இருந்தன. பெலாரூசின் கோமெல் வட்டாரத்தில் ஏற்கெனவே அயோடின் பற்றாக்குறை. அயோடினுக்கு ஏங்கிக் கிடந்த சுரப்பி கிடைத்ததை இழுத்துக்கொண்டது. 1990 வாக்கில் பிள்ளைகளிடையே தைராய்டு புற்றுநோய் ஏறத் தொடங்கியது. அறுவைக்குப் பிறகு கழுத்தின் குறுக்கே நின்ற தழும்புக்குச் 'செர்னோபில் கழுத்தணி' என்றே பெயர் வந்துவிட்டது.

தைராய்டை எடுக்க வழக்கமான வெட்டு ஆறேழு சென்டிமீட்டர் நீளும். 1990-களின் பிற்பகுதியில் இத்தாலியின் பீசா நகரில் பாவ்லோ மிக்கோலி உருவாக்கிய கேமரா முறைக்கு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் போதும். உள்ளே இடம் உண்டாக்க வாயு ஏற்றுவதில்லை, சிறு கொக்கிகளே இடம்பிடித்துத் தருகின்றன. கழுத்துத் தசைகளை வெட்டாமல் நடுக்கோட்டில் விலக்குகிறார்கள். 5 மில்லிமீட்டர் தடிமனும் 30 பாகைச் சாய்வுப் பார்வையும் கொண்ட எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழல் உள்ளே போகிறது. முதலில் சுரப்பியின் மேல்முனை ரத்தக்குழாய்களை, மீயொலி அதிர்வால் வெட்டும் மீயொலிக் கத்தியால் மூடி அறுக்கிறார்கள். பிறகு மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் குரல் நரம்பைத் தேடுகிறார்கள். திரையில் அது பெரிதாகி, பளபளக்கும் வெள்ளை நூலாகத் தெரியும். தைராய்டின் பின்னே அரிசி மணி அளவே உள்ள பாராதைராய்டு சுரப்பிகளை ரத்த ஓட்டம் கெடாமல் ஒதுக்கிவிட்டு, சுரப்பியின் மடலை வெட்டு வழியாக வெளியே எடுத்து, மீதியை நேர்பார்வையில் முடிக்கிறார்கள்.

கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். மீயொலிக் கத்தியின் அதிரும் அலகு கடுமையாகச் சூடேறும்; அது நரம்பை நெருங்கினால், அறுபடாமலே குரல் கம்மிவிடும். அதனால் சூடான அலகை எப்போதும் நரம்புக்கு எதிர்ப்பக்கம் வைக்க வேண்டும். இரண்டாவது, மடலை வெளியே இழுக்கும் கணம். வழி சிறிது, கட்டி பெரிது என்றால் உறை கிழிந்து புற்றுசெல்கள் சிந்தும். ஆகவேதான் புற்றுக்கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள், சுரப்பியின் கனஅளவு ஏறத்தாழ 25 மில்லிலிட்டருக்குள் என்ற வரம்பு. தழும்பை நினைத்து இதைத் தளர்த்துவது நோயாளிக்குச் செய்யும் தீங்கு.

கதிர்வீச்சுப் பகுதியில் சிக்கலே இதுதான். அங்கே பிள்ளைகளுக்கு வந்த பாப்பில்லரி என்ற வகைத் தைராய்டு புற்று பலருக்கும், கண்டுபிடிக்கும்போதே கழுத்தின் நெறிகளுக்கு, அதாவது நிணநீர் முடிச்சுகளுக்கு, பரவியிருந்தது. அயோடின் குறைவால் பலருக்குச் சுரப்பியே வீங்கியிருக்கும். அழற்சி இருந்தால் திசு ஒட்டிக்கொண்டு பிரியாது. இவர்களுக்குப் பெரிய வெட்டே சரி. அதனால் இம்முறையைத் தொடங்கும் மருத்துவமனைக்குக் கேமராவைவிட முதலில் வேண்டியது நல்ல அல்ட்ராசவுண்டும், பக்கவாட்டு நெறிகளையும் பொறுமையாகப் பார்த்து, ஊசியால் செல் எடுத்துச் சோதிக்கும் கையும். கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே பிடித்தால்தான் சிறிய வெட்டுக்கு வேலை.

இன்னொன்று. மயக்கம் கொடுப்பதற்கு முன், நோயாளியை உட்காரவைத்து, கழுத்து மடிப்பிலேயே பேனாவால் முழு நீளக் கோட்டையும் வரைந்துவிட வேண்டும். உள்ளே ரத்தம் கட்டுப்படாவிட்டாலோ நரம்பு தென்படாவிட்டாலோ, அதே கோட்டில் வெட்டை நீட்டலாம். அப்படி நேரலாம் என்பதை முந்தைய நாளே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.