ஓடாத காரின் பிரேக்கை நம்பி ரோட்டில் இறங்காதீர்கள்

போன வாரம் மறுபடியும் ஒன்று வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், திறந்த மேல்பகுதி கொண்டது. பெயிண்ட் வேலை அவ்வளவு நேர்த்தி, குரோம் பம்பரில் முகம் பார்க்கலாம், சீட்டுக்குப் புதுத் தோல், டாஷ்போர்டில் இருக்கும் ஒவ்வொரு ஸ்விட்சும் அந்த ஆண்டுக்கே உரியதாகத் தேடிப் பிடித்தது. "பிரேக் லேசா ஒரு பக்கம் இழுக்குது, ஏர் எடுத்துக் குடுத்தா போதும்" என்றார் உரிமையாளர், பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதைத்தான் அப்படிச் சொல்கிறார். சக்கரத்தைக் கழற்றினால் முன் ஹோஸ் இரண்டும் வளையும் இடத்தில் விரிசல் விட்டிருக்கின்றன, பின் சக்கரத்தில் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கியதும் உள்ளே இருந்து பழுப்பாக ஏதோ வழிகிறது, டிஸ்க்கைக் கவ்வும் வலது காலிப்பரில் ஒரு பிஸ்டன் அசையவே இல்லை. பிரேக்கைக் கடைசியாக எப்போது பிரித்தீர்கள் என்று கேட்டேன். "அதுக்கு அவசியமே வரலையே சார், வண்டி இருபது வருஷமா ஓடவே இல்லையே" என்கிறார்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேராவது இந்தப் பதிலை என்னிடம் ஏதாவது ஒரு வடிவத்தில் சொல்லியிருக்கிறார்கள், நானும் ஒவ்வொரு முறையும் பொறுமையாக விளக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். பொறுமை தீர்ந்துவிட்டதால் இப்போது எழுதுகிறேன்.

பிரேக்கில் தேய்வது டிஸ்க்கை அழுத்தும் பேடும், டிரம்முக்குள் உரசும் ஷூவும், அந்த டிஸ்க்கும் டிரம்மும். அவை ஓட்டினால் தேயும், ஓட்டாவிட்டால் தேயாது, அதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் உங்கள் காலின் அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டுபோவது பேடும் ஷூவும் இல்லை. பிரேக் ஆயிலும், அதை அடைத்து நிற்கும் ரப்பர் சீல்களும், அது ஓடும் பைப்பும் ஹோஸும் சிலிண்டரும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. இவை கெடுவது வருஷக் கணக்கில், கிலோமீட்டர் கணக்கில் இல்லை. சொல்லப்போனால் நின்ற வண்டியில் சீக்கிரமே கெடும். தினமும் ஓடும் வண்டியில் பிஸ்டன் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கிறது, ஏதாவது கசிந்தால் தெரிகிறது, யாராவது ஒருவர் ஆயிலை மாற்றுகிறார். நிற்கும் வண்டியில் சீலின் விளிம்பு சிலிண்டரின் ஒரே இடத்தில் பல வருஷம் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஆயிலில் இருக்கும் ஈரம் அந்த இடத்தைத்தான் அரித்துக் குழி போடும். அப்புறம் எத்தனை புது ரப்பர் கிட் போட்டாலும் அந்தக் குழி வழியாகக் கசியும்.

ஈரம் எங்கிருந்து வந்தது, மூடிதான் இறுக்கமாக இருக்கிறதே என்பார்கள். சாதாரண பிரேக் ஆயில், அதாவது டாட் 3, டாட் 4, டாட் 5.1 எல்லாமே கிளைகால் வகை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அதன் குணம். ஆயில் ஊற்றும் ரெசர்வாயரின் மூடியிலேயே காற்று போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது போதாதென்று ஹோஸின் ரப்பர் வழியாகவும் ஈரம் மெதுவாக உள்ளே இறங்கும். ஈரம் ஏறாத புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. அதே ஆயில் 3.7 சதவீதம் ஈரம் குடித்த பிறகு அந்த வரம்பு 155-ஆகக் குறைகிறது. டாட் 3-க்கு 205, 140. நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியாகிவிடும். ஆவி அமுங்கும், பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரைக்குப் போகும். கால் மணி நேரம் நிறுத்திவிட்டுப் பார்த்தால் பெடல் பழையபடி நன்றாக இருக்கும், அதனால் "ஏதோ ஒரு தடவை அப்படி ஆச்சு, அப்புறம் சரியாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். சரியாகவில்லை. ஆறியது, அவ்வளவுதான்.

ரெசர்வாயர் நிறைய ஆயில் இருக்கிறது என்பதை ஒரு தகுதியாக யாரும் என்னிடம் காட்ட வேண்டாம். ஆயில் இருக்கிறதா என்பது வேறு, அது எந்த வருஷத்து ஆயில் என்பது வேறு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஓட்டியிருந்தாலும் ஓட்டாமல் இருந்தாலும்.

அடுத்தது "ஏர் எடுத்தால் போதும்" என்பது. பல வருஷம் நின்ற மாஸ்டர் சிலிண்டரில், அதாவது பெடல் நேராகத் தள்ளும் சிலிண்டரில், ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதிக்காதீர்கள். வழக்கமான ஓட்டத்தில் பிஸ்டன் சிலிண்டரின் முதல் பகுதியில்தான் போய்வரும், அதற்கு அப்பால் இருக்கும் பகுதியில் துருவும் படிவும் சேர்ந்திருக்கும். நீங்கள் முழுசாக மிதித்தால் சீல் அந்தச் சொரசொரப்பின் மேல் ஏறிக் கிழியும். அதுவரை ஏதோ வேலை செய்துகொண்டிருந்த மாஸ்டர் சிலிண்டர் ஏர் எடுத்த அன்றே போய்விடும், பழி ஏர் எடுத்தவன் மேல் விழும். (எங்கள் தொழிலில் இது சகஜம்.) பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு மிதிக்கச் சொல்லுங்கள்.

பெடல் சொல்வதைக் காலால் கேட்கப் பழகினால் பாதி நோய் தெரிந்துவிடும். மிதித்தால் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கினால் உள்ளே ஏர் இருக்கிறது, அல்லது பழைய ஹோஸ் உப்புகிறது. முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாவது மூன்றாவது மிதியில் மேலே வந்து கெட்டியானால் பின் டிரம் ஷூவின் அட்ஜஸ்ட்மெண்டைப் பாருங்கள். முதலில் ஷூ, அதற்குப் பிறகுதான் ஹேண்ட்பிரேக் கேபிள், இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டு ஹேண்ட்பிரேக் நிற்கவில்லை என்று வருபவர்கள் ஏராளம். மிதித்த காலை அப்படியே அழுத்தி வைத்திருக்கும்போது பெடல் மெல்லக் கீழே இறங்கி, வெளியே எங்கும் கசிவு இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் சீல் உள்ளுக்குள் விடுகிறது. வளைவில் திரும்பி வந்த பிறகு முதல் மிதி மட்டும் ஆழமாகப் போனால் பிரேக்கை விட்டுவிட்டு வீல் பேரிங்கின் ஆட்டத்தைப் பாருங்கள், டிஸ்க் ஆடி பேடைப் பின்னால் தள்ளியிருக்கும்.

ஒரு பக்கம் இழுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரேக் மிதிக்கும்போது வண்டி இடது பக்கம் இழுத்தால் பெரும்பாலும் கெட்டிருப்பது வலது பக்கம். இடது சக்கரம் தன் வேலையைச் செய்கிறது, வலதுதான் செய்யவில்லை. ஆனால் மக்கள் இழுக்கும் பக்கத்தையே பிரித்து, பேட் மாற்றி, காசைச் செலவழித்துவிட்டு அப்படியே திரும்பி வருவார்கள். காலை எடுத்த பிறகும் இழுத்துக்கொண்டே போனால் அது வேறு கதை, அந்தப் பக்கத்துப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பிடித்துக்கொள்ளும் பிரேக்கையும் ஆபத்து என்று பலர் நினைப்பதில்லை, பிடிக்காத பிரேக்தான் ஆபத்தாம். பிடித்துக்கொண்டே இருந்தால் டிஸ்க் காயும், ஆயில் கொதிக்கும், அதற்குப் பிறகு அதே பிரேக் பிடிக்காது. எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது சிரமமே இல்லை. சக்கரத்தைத் தூக்கி, இறுகியிருக்கும் நிலையில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறங்கள். சக்கரம் சுற்றவில்லையென்றால் காலிப்பர் பிஸ்டனோ ஷூவோ துருவில் மாட்டியிருக்கிறது. சுற்ற ஆரம்பித்தால் உள்ளே அழுத்தம் அடைபட்டிருந்தது என்று அர்த்தம். அடுத்த முறை இறுகும்போது நிப்பிளை விட்டுவிட்டு ஹோஸுக்கு முன்னால் இருக்கும் பைப் யூனியனை, அதாவது இணைப்பு நட்டை, தளர்த்துங்கள். அப்போது சக்கரம் சுற்றினால் குற்றம் மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். அப்போதும் சுற்றாமல் நிப்பிளைத் திறந்தால் மட்டுமே சுற்றினால் ஹோஸ் போய்விட்டது. வெளியே புத்தம் புதிதாகத் தெரியும் ஹோஸ்கூட உள்ளே உப்பி அடைத்துக்கொள்ளும், மிதிக்கும்போது ஆயிலைப் போக விடும், திரும்ப வர விடாது.

நாலு சக்கரமும் ஓட ஓட மெதுவாக இறுகினால் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவே இருக்கிற கம்பியில் ஆட்டமே விடாமல் யாரோ இறுக்கியிருக்கிறார்கள். ஆயில் சூடாகி விரியும்போது ரெசர்வாயருக்குத் திரும்ப ஒரு சின்னத் துளை உண்டு, பிஸ்டன் அதை மூடியபடியே நிற்கிறது. மூடியைத் திறந்துவைத்துப் பெடலை லேசாகத் தொட்டால் ஆயிலில் சின்னத் துள்ளல் தெரிய வேண்டும். தெரியவில்லையா, கம்பியைச் சரிசெய்யுங்கள்.

ஊற்றும் ஆயில் விஷயத்தில் நடக்கும் கூத்து தனி. டாட் 5 என்பது சிலிகான். டாட் 5.1 சிலிகான் இல்லை, டாட் 4-இன் சொந்தம். எண் பெரிதாக இருக்கிறதே, உசத்தியாக இருக்கும் என்று டாட் 4 இருக்கும் வண்டியில் மேலாக டாட் 5 ஊற்றுபவர்களை என்ன செய்வது? இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. சிலிகான் பெயிண்டைக் கெடுக்காது, ஈரத்தையும் உறிஞ்சாது, அதனால் காட்சிக்கு நிறுத்தும் வண்டிக்காரர்களுக்கு அதன்மேல் ஒரு பிரியம். போடுவதானால் சீல், ஹோஸ் எல்லாம் புதிதாக மாற்றி, பைப்பை முழுசாகச் சுத்தம் செய்து போடுங்கள், குலுக்காமல் மெதுவாக ஊற்றுங்கள், காற்றுக் குமிழி அதில் சுலபமாகத் தங்கும். உள்ளே எப்படியாவது நீர் போய்விட்டால் கரையாமல் பள்ளமான இடத்தில் தேங்கி அங்கேயே அரிக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

என்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் இந்த ரப்பரைத் தொடக்கூடாது. தெரியாமல் என்ஜின் ஆயிலை ரெசர்வாயரில் ஊற்றிவிட்டால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள், எல்லா ரப்பரும் ஊதிப்போகும், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். சுத்தம் செய்யப் புது பிரேக் ஆயிலோ மெத்திலேட்டட் ஸ்பிரிட்டோ போதும். பழைய சிட்ரோயன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கதை தலைகீழ், எல்ஹெச்எம் என்ற பச்சை நிற மினரல் ஆயில் போட்ட வண்டியில் டாட் ஆயிலை ஊற்றினால்தான் சீல் போகும்.

பைப் யூனியனையும் கவனியுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலும் 3/8 அங்குல யுஎன்எஃப் மரை. இது 10 மில்லிமீட்டர் மெட்ரிக் துளையில் லூசாக நுழையும், பிடித்த மாதிரியும் தெரியும். ஓங்கி மிதிக்கும் அன்றுதான் பிடுங்கிக்கொண்டு வரும். கையால் சுற்றும்போது சந்தேகம் வந்தால் நிறுத்திவிடுங்கள், ஸ்பானர் போட்டுச் சமாதானம் செய்ய வேண்டாம்.

இவ்வளவு ஏன் கத்துகிறேன் என்றால், இந்த வண்டிகளில் பலவற்றுக்கு நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஆயில் ஓட ஒரே ஒரு ஹைட்ராலிக் சுற்றுதான். அமெரிக்காவில் 1968 முதல்தான் கார்களுக்கு இரட்டைச் சுற்று கட்டாயம் ஆனது. 1962-இல் வந்த முதல் எம்ஜிபி, அதற்கு முந்தைய டிரையம்ப் டிஆர் வண்டிகள் இவற்றில் ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. கையில் மிஞ்சுவது ஹேண்ட்பிரேக், அதுவும் நீங்கள் அட்ஜஸ்ட் செய்திருந்தால்.

ஜாகுவார் இ-டைப் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு கெஞ்சல். பின் டிஸ்க் உள்பக்கம், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரென்ஷியலை ஒட்டி இருப்பதால், கை போவது கஷ்டம் என்று யாரும் பார்ப்பதில்லை. டிஃபரென்ஷியலின் பக்கவாட்டு சீல் விட்டால் அந்த ஆயில் நேராக டிஸ்க்கின் மேல்தான். ஒருமுறையாவது அடியில் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

பெடல் கட்டை மாதிரி கெட்டியாக இருக்கிறது என்று பயந்து வருபவர்களும் உண்டு. காலின் அழுத்தத்தைக் கூட்டித் தரும் சர்வோ இல்லாத வண்டி அப்படித்தான் இருக்கும், பேடைக் கொஞ்சம் மென்மையான கலவையில் போட்டால் போதும், இன்றைய சர்வோ வண்டிகளுக்கான கடினமான பேடைப் போடாதீர்கள்.

பழைய டிரம்மைத் திறக்கும்போது தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. நனைத்துத் துடைத்துப் பையில் கட்டுங்கள். இளைஞர்கள் இதில் காட்டும் தைரியம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

எல்லாம் முடிந்து முதல் முறை எடுக்கும்போது, ஆள் இல்லாத சமமான இடத்தில் நடக்கும் வேகத்தில் நாலைந்து முறை நிறுத்திப் பாருங்கள், அப்புறம்தான் ரோடு. திரும்பி வந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் மேலே சொன்ன நிப்பிள் சோதனை. ஒவ்வொரு யூனியனையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மறுநாள் காலை, எஞ்சினை எழுப்பும் முன் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இறங்கினால் வண்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.