உஜ்வலா: எந்த வீட்டுக்குக் கிடைக்கும், எந்த வீடு விடுபடும்?

பிரதமரின் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கியது. விறகும் வறட்டியும் எரிக்கும் ஏழை வீடுகளுக்கு டெபாசிட் இல்லாமல் கேஸ் இணைப்பு தருவது நோக்கம். அந்த வீடுகளைப் புதிதாகத் தேடவில்லை. 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பையே எடுத்துக்கொண்டார்கள். மண் சுவரும் ஓலைக் கூரையுமாக ஒற்றை அறை, சம்பாதிக்கும் வயதில் ஆண் இல்லாமல் பெண் நடத்தும் குடும்பம், நிலமற்ற கூலிக் குடும்பம் என ஏழு அடையாளங்களில் ஒன்றாவது பொருந்த வேண்டியிருந்தது.

பட்டியலுக்கு வயதானதும் சிக்கல் வந்தது. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனவர்களும் பிழைப்புக்கு ஊர் மாறியவர்களும் அதில் எப்படி இருப்பார்கள்? 2018இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பரம ஏழைகளுக்கான அந்தியோதயா ரேஷன் கார்டு வைத்திருப்பவர்கள் எனப் பல பிரிவினரைச் சேர்த்தார்கள். 2021 ஆகஸ்டில் வந்த உஜ்வலா 2.0, வெளியூர்த் தொழிலாளர்களிடம் ரேஷன் கார்டும் முகவரிச் சான்றும் கேட்காமல் சுய உறுதிமொழியையே ஏற்றது.

விண்ணப்பிப்பவர் 18 வயது நிரம்பிய பெண்ணாக இருக்க வேண்டும். குடும்பத்தில் எவர் பெயரிலும் கேஸ் இணைப்பு இருக்கக் கூடாது. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்: மாமியார் பெயரில் இணைப்பு இருந்து, மருமகளும் அதே ரேஷன் கார்டில் இருந்தால் மனு தள்ளுபடியாகும். தனிக் கார்டு வாங்கிய பிறகே ஏஜென்சிக்குப் போவது நல்லது. ஆதார், வங்கிக் கணக்கு விவரம், வறுமை உறுதிமொழிப் படிவம் ஆகியவை தேவை. அடுப்பும் முதல் சிலிண்டரும் இலவசம்.

இணைப்பே இல்லாத வீட்டைக் கண்டுபிடிப்பதில் திட்டம் கெட்டிதான். 2025 ஜூலைக்குள் 10.33 கோடி இணைப்புகள் ஆகிவிட்டன. இணைப்பு இருந்தும் அடுத்த சிலிண்டருக்குப் பணம் புரளாத வீடுதான் அதன் கண்ணில் படுவதில்லை. 2024-25இல் பயனாளிகள் வாங்கியது சராசரியாக 4.47 சிலிண்டர், மானியத்துக்கு அனுமதி இருந்ததோ 12. ஒரு சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் என்றாலும், முழு விலையையும் முதலில் கொடுத்தாக வேண்டும், மானியம் பிறகுதான் கணக்கில் ஏறும். தினக்கூலி வீட்டில் அந்த மொத்தப் பணம் ஒரே நாளில் எங்கிருந்து வரும்? அதனால் டீக்கும் குழந்தையின் பாலுக்கும் கேஸ், சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகு என்று அடுக்களை இரண்டாகப் பிரிந்துகிடக்கிறது.

இந்த வீடுகளைக் கண்டுபிடிக்க இன்னொரு கணக்கெடுப்பு வேண்டுமா என்ன? எந்த வீடு எத்தனை சிலிண்டர் வாங்கியது என்ற பதிவு எண்ணெய் நிறுவனங்களிடமே இருக்கிறது. குறைவாக வாங்குவதெல்லாம் வறுமை ஆகிவிடாது, உண்மைதான். பாதி வருடம் செங்கல் சூளையில் தங்கி வேலை செய்யும் குடும்பமாகவும் இருக்கலாம். விசாரிக்க வேண்டிய கதவு எது என்பதையாவது அந்தப் பதிவு காட்டும்.

மானியத்துக்கான வரம்பு 2025-26இல் 9 சிலிண்டராகக் குறைக்கப்பட்டது. வழக்கமான 14.2 கிலோ சிலிண்டருக்கு மொத்தமாகப் பணம் கட்ட முடியாதவர்கள் 5 கிலோ சிலிண்டர் கேட்கலாம். அதற்கும் எடைக்கேற்ப மானியம் உண்டு.